பிளாஷ்ல செஞ்ச மயிலும் கேன்வாஸ்ல செஞ்ச மயிலும்

2008-ல சிங்கப்பூர் ஈசூன்ல டியூஷன் பிள்ளைங்களுக்காக பிளாஷ்ல (பிரவுசர்ல அசையற படம், விளையாட்டு, வீடியோ எல்லாம் ஓட்ட அடோபி கம்பெனி வெச்சிருந்த மென்பொருள்) ஒரு எழுத்து விளையாட்டு செஞ்சேன், மவுஸால ழ-வை சுழிச்சு எழுதணும், சரியா வந்தா ஒரு மயில் தோகை விரிக்கும், அதுக்காகவே பிள்ளைங்க திரும்பத் திரும்ப எழுதுவாங்க. 2020 டிசம்பர் 31-ஓட அடோபி பிளாஷ் பிளேயருக்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, அடுத்த ஜனவரி 12-லேர்ந்து பிளேயரே எதையும் ஓட விடல. பைல் என் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, ஆனா திறக்க வழியில்லாம போச்சு.

பிளாஷை குறை சொல்றதுக்கு முன்னாடி அதுக்கு உண்டானதை சொல்லிடறேன். அப்போ பிரவுசருக்கு சொந்தமா வீடியோ ஓட்டத் தெரியாது, ரியல்பிளேயர் ஒண்ணு, குயிக்டைம் ஒண்ணுன்னு ஆளுக்கொண்ணு போடணும், பிளாஷ் வந்துதான் அந்தத் தலைவலி போச்சு, யூடியூபே அதுலதான் ஆரம்பிச்சாங்க. வரையறது, அசைய வைக்கறது, கோட் எழுதறது எல்லாம் ஒரே ஜன்னல்ல. புரோகிராமிங் படிக்காத வாத்தியார் நான், மயிலை ஒரே ராத்திரியில முடிச்சேன். அதையே எச்டிஎம்எல்5-ல, அதாவது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத திறந்த தரத்துல, படம் வரையற பகுதியான கேன்வாஸ்லயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் திரும்ப செய்ய ரெண்டு வாரக் கடைசி போச்சு, செய்யற வசதியில பிளாஷ்தான் மேல, இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கறேன்.

ஆனா தமிழ்னு வந்தா கதையே வேற. அன்னைக்கு என் பிளாஷ்ல "கொ"ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிக் கிடக்கும், கடைசியில எல்லா எழுத்தையும் படமா மாத்தித்தான் போட்டேன். படத்தை தேட முடியாது, காப்பி பண்ண முடியாது, கண் தெரியாத பிள்ளைக்கு ஸ்கிரீன் ரீடர் படிச்சுக் காட்டாது. எச்டிஎம்எல்5-ல எழுத்து எழுத்தாவே இருக்கு, யூனிகோட்ல அடிச்சா போதும். வீடியோவுக்கு கீழ தமிழ் சப்டைட்டில் வேணும்னா ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல் எழுதி வெச்சா பிரவுசரே காட்டுது.

போன் பக்கம் பிளாஷ் தோத்தது எல்லாருக்கும் தெரியும். 2007-ல வந்த ஐபோன்ல கடைசி வரைக்கும் அதை உள்ள விடல, 2010-ல ஸ்டீவ் ஜாப்ஸ் காரணம் சொல்லி ஒரு கடிதமே எழுதினாரு, 2011 நவம்பர்ல அடோபியும் மொபைல் பிளாஷை கைவிட்டாங்க. ஜாப்ஸ்தான் கொன்னாருன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது சரியா படல, ஓயாம வந்த பாதுகாப்பு ஓட்டைங்களே போதும். இது அடோபி ஒருத்தர் பிரச்சினையும் இல்ல. பிளாஷுக்குப் போட்டியா மைக்ரோசாஃப்ட் 2007-ல கொண்டு வந்த சில்வர்லைட்டுக்கும் 2021 அக்டோபர்ல சப்போர்ட் முடிஞ்சுது. ஒரு கம்பெனி கையில சாவி இருந்தா அவங்க கடையைப் பூட்டுற அன்னைக்கு நம்ம பாடமும் உள்ள மாட்டிக்குது.

திறந்த தரம்னா எல்லாமே திறந்ததுன்னும் நினைச்சுடாதீங்க. வெப் தரங்களை வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு 2014 அக்டோபர்ல எச்டிஎம்எல்5-ஐ அதிகாரபூர்வ தரமா வெளியிட்டாங்க, சரி, ஆனா அதுல ஓடற எச்.264-ங்கற வீடியோ பார்மட்டுக்கு காப்புரிமை இருந்ததால பயர்பாக்ஸ் ரொம்ப நாள் அதை சேர்க்கல, ஒரே பாடத்தை ரெண்டு பார்மட்ல ஏத்த வேண்டி இருந்துச்சு. ராயல்டி இல்லாத ஏவி1-ங்கற வீடியோ பார்மட் 2018-லதான் வந்துச்சு. என்னை நிஜமா உறுத்தறது டிஆர்எம்தான் (வீடியோவை காப்பி பண்ண முடியாம பூட்டற முறை), 2017-ல டபிள்யூ3சி அதுக்கு வழி விட்டாங்க, எதிர்ப்பு தெரிவிச்சு டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடற இஎஃப்எஃப் அமைப்பே அதுலேர்ந்து வெளியேறிட்டாங்க. காசு கட்டிப் பாக்கற படத்துக்குள்ள ஒரு மூடின பெட்டி இன்னும் உக்காந்திருக்கு, பிளாஷ் மாதிரி பிரவுசர்ல தனியா சேர்க்கற பழைய பிளக்இன்னோட சின்ன தம்பி மாதிரி.

போன மாசம் ரஃபிள்னு ஒண்ணுல என் பழைய பைலைப் போட்டுப் பாத்தேன். பிளாஷ் பைலை ஓட்ட தன்னார்வலர்கள் எழுதின ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், பிரவுசருக்குள்ளயே வேகமா கோட் ஓட்டற வெப்அசெம்ப்ளிங்கற திறந்த தரத்துல ஓடுது, அதாவது அந்த மூடின காலத்துச் சரக்கை இப்போ காப்பாத்தறதே திறந்த தரம்தான். பிரைமரி டூ படிக்கற டியூஷன் பாப்பா ஒண்ணு பக்கத்துல நின்னுச்சு, ஐபேட்ல விரலால ழ-வை சுழிச்சுது. மயில் தோகை விரிச்சுது. "சார், இன்னொரு தடவை"ன்னு கேட்டுச்சு.