கோயில்-அரசு பத்தின டிராஃப்ட்ட முதல்ல யார்கிட்ட குடுக்கலாம்?

மதமும் அரசியலும் கலந்த டாபிக்ல தீசிஸ் எழுதுறவங்களுக்குன்னு ஒரு தனி தலைவலி இருக்கு, படிக்கிறவரு உங்க வாதத்த பாக்குறதுக்கு முன்னாடி நீங்க எந்தப் பக்கம்னு பாத்துடுவாரு. அறநிலையத்துறை, அது கோயில்கள மேற்பார்வை பாக்குறதுக்கான 1959 சட்டம், அர்ச்சகர் நியமனம்னு ஒரு சாப்டர் முடிச்சிட்டீங்கன்னு வைங்க, அடுத்து யார்கிட்ட குடுக்குறது?

கைடுகிட்ட குடுத்துதான் ஆகணும், அதுல சாய்ஸே இல்ல. ஆனா சினாப்சிஸ்லேர்ந்து கூடவே வர்றவருங்கிறதால நீங்க எழுதாம விட்டதையும் அவரே மனசுக்குள்ள நிரப்பி படிச்சிடுவாரு.

நம்ம செட்டு ஆளுங்க வேகமா படிச்சுத் தருவாங்க, ஸ்பெல்லிங் மிஸ்டேக் பிடிப்பாங்க, "செம மச்சி"ம்பாங்க. பரம்பரை அர்ச்சகர் முறைய ஒழிச்ச 1970 திருத்தத்த 1972ல சேஷம்மாள் வழக்குல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சுன்னு எழுதியிருந்தா தலையாட்டிட்டு அடுத்த பாராவுக்குப் போயிடுவாங்க.

அதே பாராவ லா படிச்ச ஒருத்தர்கிட்ட, முடிஞ்சா கோயில விட்டு அரசு வெளிய போகணும்னு நினைக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாருங்க. மார்ஜின்ல இப்படி வரும்: "பாதி தீர்ப்புதான் இருக்கு, நியமனம் மதம் சாராத வேலைன்னு சொன்ன அதே கோர்ட் ஆகமம் (கோயில் பூஜை விதி நூல்) சொல்ற தகுதிய மீற முடியாதுன்னும் சொல்லிச்சே, அது எங்க?" எந்த சாதிக்காரரும் அர்ச்சகராகலாம்ங்கிற 2006 அரசாணை மேல வந்த 2015 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் சண்டையே அந்த மீதி பாதியிலதான். "துறை கோயில எடுத்துக்கிச்சு"ன்னு பொதுவா எழுதினா செயல் அலுவலர போடுற 45வது பிரிவான்னு கேப்பாரு, அவர எவ்ளோ காலத்துக்கு போடலாம்னு சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கோட 2014 தீர்ப்ப எடுத்து முன்னாடி வைப்பாரு. எரிச்சலாதான் இருக்கும், ஆனா என்னக் கேட்டா முதல் காப்பி இவருக்குத்தான்.

கான்ஃபரன்ஸ்? அமெரிக்காவுல மேடிசன்ல அக்டோபர் மாசம் நடக்குற தெற்காசிய மாநாடு மாதிரி இடத்துல இருபது நிமிஷம் கெடைச்சா பெரிசு, கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து தன் ஆராய்ச்சியையே பேசிட்டு உக்காந்துடுவாரு. உருப்படியான பேச்செல்லாம் வெளிய காபி டேபிள்லதான். விசா, டிக்கெட் காசு உங்க பாடு.

ஜர்னல்ல டபுள் பிளைண்ட்னு பேரு, அதாவது எழுதினவரும் ரிவியூவரும் யாருன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூடாது, ஆனா இந்த டாபிக்ல வேல பாக்குறவங்க கொஞ்சம் பேருதான், யார் எழுதினதுன்னு பாதி நேரம் ரிவியூவருக்கு தெரிஞ்சுடும். மாசக்கணக்கா காத்திருந்தா ஒருத்தர் அரசு பக்கம் சாஞ்சிருக்குன்னுவாரு, இன்னொருத்தர் மடத்துப் பக்கம்னுவாரு, எடிட்டர் ரெண்டையும் ஃபார்வர்ட் பண்ணிட்டு திருத்தி அனுப்புன்னுடுவாரு. ஆனாலும் நமக்கு வேண்டப்பட்டவங்க சொல்ல கூச்சப்படுற விஷயம் எழுத்துல வர்ற இடம் அது, அதனால கடைசில அங்க போயிதான் ஆகணும்.

ரிவியூவுக்கு முன்னாடியே ப்ரீபிரிண்ட்டா நெட்ல போடுறது வேற, டவுன்லோட் ஏறும், கமெண்ட் வராது, ஒரு வரிய மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எவனாவது சுத்த விடுவான்.

எதிர்ப்பக்க ஆளுக்கு முழு சாப்டரையும் அனுப்பாதீங்க, தீர்ப்பு வர்ற எட்டு பத்து பக்கம், கூட ரெண்டு கேள்வி போதும். அவர் டிராஃப்ட்டையும் நீங்க உக்காந்து படிச்சுக் குடுக்கணும், இல்லன்னா அடுத்த மெயிலுக்கு பதிலே வராது.