ரோஸ்வுட் பேனாவும் பூஞ்சை கோடிட்ட பேனாவும்

ஒரே பட்டறையில் ஒரே அளவில் கடைந்த இரண்டு மரப் பேனாக்களை ஓராண்டாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதலாவது, பழைய மேசைக் காலிலிருந்து எடுத்த பிரேசில் ரோஸ்வுட். ஈட்டி மரத்தின் உறவினமான இம்மரம் பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளுக்கே உரியது. வெட்டி வெட்டி அருகிப்போனதால் 1992இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டாவது, விழுந்து கிடந்த மேப்பிள் கட்டை. செத்த மரங்களில் வண்ண வண்ண விசிறிகளாகப் படரும் டிராமீட்டஸ் வெர்சிகலர் என்னும் மிகச் சாதாரணமான காளான் அதை உளுக்கச் செய்திருக்கிறது.

ரோஸ்வுட்டின் கருங்கோடுகள் வைரம் பாயப் பாயப் பல ஆண்டுகளில் படிந்தவை. மேப்பிளில் உள்ளவையோ, அடுத்தடுத்து வளர்ந்த பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றையொன்று உள்ளே விடாமல் கருநிறமியால் எழுப்பிக்கொண்ட எல்லைச் சுவர்கள். சில மாதங்களிலேயே உருவாகிவிடுபவை. கூரிய பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லியதாகப் பேனாவைச் சுற்றி வரும் ஒரு கோடு, மூடியைத் திருகி மூடும்போது மறுபாதியுடன் பிசகாமல் சேர்கிறது. அந்த ஒரு பொருத்தத்துக்காகவே கடைந்தவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

உறுதியில் ரோஸ்வுட்டுக்கே முதலிடம். அதன் இயற்கை எண்ணெய், மெருகு தேய்ந்த பிறகும் பளபளப்பைக் காக்கிறது. கையில் கனமும் இருக்கிறது. மேப்பிள் பேனாவில் முள்ளுக்கு அருகே ஓரிடம் தக்கைபோல் மிருதுவாக இருந்தது. நகத்தால் அழுத்தியபோது பள்ளம் விழுந்தது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைக் காளான் தின்றுவிட்ட இடம் அது. கடைவதற்கு முன், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் வைத்துக் கட்டைக்குள் பிசின் ஊட்டியிருந்தால் இக்குறை நேர்ந்திராது. பட்டறையில் கேட்டபோது, அந்தக் கட்டைக்கு மட்டும் அதைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். உலர்ந்த கட்டையில் பூஞ்சை மேலும் வளராது என்பதால், பேனா தொடர்ந்து உளுத்துப்போகுமோ என்ற அச்சம் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் நான் பரிந்துரைப்பது மேப்பிள் பேனாவைத்தான். எந்தக் காட்டிலும் கோடரி விழாமல் இத்தனை அழகு கிடைக்கும்போது, வேறொன்றைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர்கள் பிசின் ஊட்டிய கட்டையா என்று கேட்டு, மூடியைக் கழற்றி முள்ளருகே விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.