11 பாட்டை மறைத்த ஒரு பாட்டு: 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தோடு பல வருட அனுபவம்

தி ஜாம்பீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'டைம் ஆஃப் தி சீசன்' பாட்டை உங்களில் பலர் பெயர் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். முதலில் பேஸ் கிட்டார், கூடவே ஒரு கைதட்டல், அதை ஒட்டி 'ஹா' என்று ஒரு மூச்சு. அறுபதுகளின் அமெரிக்காவைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் ஹாலிவுட்காரர்கள் சட்டென்று எடுத்துப் போடும் பாட்டுகளில் அதுவும் ஒன்று. அந்த ருசியில் முழு ஆல்பத்தையும் கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்றாவது பாட்டிலேயே எழுந்து போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஆல்பத்தில் அது மாதிரி இன்னொரு பாட்டே கிடையாது.

1968 ஏப்ரலில் வந்த 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' மொத்தம் 12 பாட்டு, சுமார் 35 நிமிடம். அந்த ஹிட் பாட்டு கடைசியில், 12-வதாக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடம் கேட்டபிறகு நான் தள்ளிவிட்டுப் போகும் பாட்டும் அநேகமாக அதுதான். மோசமான பாட்டு என்பதால் இல்லை. அது வரும்போது எனக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்து முடிந்திருக்கும்.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் ரசிகர்களின் கிறுக்கு புரியாது. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர். 1964-ல் 'ஷி ஈஸ் நாட் தேர்' அமெரிக்காவில் 2-ம் இடம் வரை போனது. அதற்கப்புறம் இறங்குமுகம்தான். சிபிஎஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஆயிரம் பவுண்டு கொடுத்து ஒரு ஆல்பம் போடச் சொன்னது. 1967 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். பீட்டில்ஸ் தங்களுடைய 'சார்ஜென்ட் பெப்பர்' வேலையை முடித்துவிட்டுப் போன இடம் அது. ஜான் லெனன் அங்கேயே விட்டுப்போயிருந்த மெல்லட்ரான் என்ற கீபோர்டைக் குழுவின் கீபோர்டுக்காரர் ராட் ஆர்ஜென்ட் எடுத்து வாசித்தார். நாடாவில் பதிந்த வயலின், புல்லாங்குழல் சத்தங்களைக் கட்டையை அழுத்தி வரவழைக்கும் பெட்டி. வயலின் கோஷ்டிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு அது பெரிய வரம்.

கம்பெனி பிறகு ஸ்டீரியோ பதிப்பும் (இரண்டு பக்கமும் வேறுவேறு சத்தம் வருவது) வேண்டும் என்றது. அதற்கான பணத்தைப் பாட்டெழுதிய ஆர்ஜென்ட்டும் பேஸ் கிட்டார்காரர் கிறிஸ் வைட்டும் கையிலிருந்து போட்டார்கள். மற்ற மூவருக்கும் பாட்டெழுதிய ராயல்டி இல்லை, கையில் சல்லிக்காசும் இல்லை. முதல் இரண்டு சிங்கிளும் (ஆல்பத்துப் பாட்டைத் தனித்தட்டாக விடுவது) போணியாகவில்லை. 1967 டிசம்பரில் குழு கலைந்தது. நாலு மாதம் கழித்து ஆல்பம் கடைக்கு வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு மேடையேற ஆளில்லை. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. அந்தப் பட்டுக்குரலுக்குச் சொந்தக்காரரான காலின் பிளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போய்விட்டார்.

இதைக் காப்பாற்றியதே ஒரு ரசிகர்தான். அமெரிக்க இசைக்கலைஞர் அல் கூப்பர் லண்டனில் வாங்கிப்போன இசைத்தட்டுகளில் இதுவும் இருந்தது. கேட்டு மயங்கி, கொலம்பியா கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸிடம் போய் இதை அமெரிக்காவில் வெளியிட்டே ஆகவேண்டும் என்று நின்றார். 1969 மார்ச்சில் 'டைம் ஆஃப் தி சீசன்' அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 3-ம் இடம். ஆல்பம்? 95. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வருவது அதுதான். பாட்டு ஆல்பத்தை உயிரோடு வைத்தது, ஆனால் வாசலை மறித்துக்கொண்டும் நின்றது. (குழுவே இல்லாத அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் போலி ஜாம்பீஸ்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். டெக்சஸ் போலியில் வாசித்த இரண்டு பேர் பின்னாளில் இஸட் இஸட் டாப் என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் பெரிய ஆளானார்கள். இதைவிட நல்ல சினிமாக் கதை எனக்குத் தெரியாது.)

சரி, அனுபவத்துக்கு வருவோம்.

முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. துள்ளலான பியானோ, காலை வெயில் மாதிரி குரல். கவனித்துக் கேட்டால்தான் தெரியும், ஜெயிலில் இருக்கும் காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதம் அது. விடுதலை நாள் நெருங்குகிறது. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் விலகிக்கொள்ள, குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக மேலே ஏறும். அந்தச் சில நொடிகளுக்காகவே நான் முழுப் பாட்டையும் கேட்பேன். கூடவே கிறிஸ் வைட்டின் பேஸ். தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காமல் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். இது சிங்கிளாக வந்து விலைபோகவில்லை என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்து 'எ ரோஸ் ஃபார் எமிலி'. பியானோவும் குரல்களும் மட்டும். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் சிறுகதைத் தலைப்பை எடுத்துக்கொண்டு, யாரும் தேடி வராத ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது. இந்த ஆல்பம் நீண்ட நாள் தாங்குவதற்குக் காரணமே இந்த வித்தைதான். மேலே சர்க்கரைப்பாகு, உள்ளே சோகம். வயது ஏற ஏற நமக்கு உள்ளே இருப்பது கூடுதலாகக் கேட்கிறது. இருபதுகளில் 'பிரீஃப் கேண்டில்ஸ்' எனக்கு ஒரு சுமாரான பாட்டு. மூன்று பேர் ஆளுக்கொரு சரணமாகப் பாடுகிறார்கள், மூவரும் தோற்ற காதலை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. இப்போது அந்தப் பாட்டு வந்தால் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

'பீச்வுட் பார்க்' எனக்கு மழைக்காலப் பாட்டு. வைட்டின் அப்பா வைத்திருந்த கிராமத்துக் கடையிலிருந்து சாமான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு நிஜமான இடத்தின் பெயர் அது. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்' பாட்டில் பின்னணியில் வரிசையாக ஜோடிப் பெயர்கள் வரும், எல்லாம் அவர்களுடைய உண்மையான நண்பர்கள். அதில் பல ஜோடிகள் பிற்பாடு பிரிந்துபோனது வேறு கதை.

'புட்சர்ஸ் டேல்' மட்டும் பலருக்குத் தொண்டையில் சிக்கும். முதல் உலகப்போரில் சிப்பாயாகிப்போன ஒரு கறிக்கடைக்காரன் பேசுகிறான். பழைய நாடக மேடைகளில் காலால் மிதித்து வாசிப்பார்களே, அந்த வகை ஆர்மோனியம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகும். பிளன்ஸ்டோனை விட்டுவிட்டு வைட்டே பாடினார். நடுங்கும் அந்தக் குரல்தான் பாட்டுக்குப் பொருத்தம். வியட்நாம் நேரத்தில் எடுபடும் என்று நினைத்தோ என்னவோ, அமெரிக்காவில் இதைத்தான் முதல் சிங்கிளாக விட்டார்கள். இதைவிட விற்காத பாட்டை அந்த ஆல்பத்தில் தேடி எடுப்பதே கஷ்டம்.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். 'ஐ வாண்ட் ஹெர் ஷி வாண்ட்ஸ் மி' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

இப்போது மோனோவா (எல்லாச் சத்தமும் ஒன்றாக வருவது) ஸ்டீரியோவா என்ற பஞ்சாயத்து. நான் மோனோ கட்சி. 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் வரும் ட்ரம்பெட் வகையறாவை மோனோ மிக்ஸ் செய்யும்போதே நேராக அதன்மேல் சேர்த்துவிட்டார்கள். அதனால் உண்மையான ஸ்டீரியோவில் அந்தப் பித்தளைச் சத்தம் வரவே வழியில்லை. அது இல்லாத பதிப்பைக் கேட்டிருக்கிறேன், மணி அடிக்காத கோயில் மாதிரி இருந்தது. தவிர, குரல்கள் ஒன்றாகக் கலந்து ஒரே திசையிலிருந்து வரும்போதுதான் இந்த ஆல்பம் கனக்கிறது. ஒரு நடைமுறை லாபமும் உண்டு. என் வயர் இயர்போன்கள் எல்லாம் மழைக்கும் வேர்வைக்கும் ஏதாவது ஒரு பக்கம் செத்துப்போகும் ஜாதி. ஸ்டீரியோ என்றால் பாதிப் பாட்டு காணாமல் போகும், மோனோவுக்கு ஒரு காது போதும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீட்டிக்கப்பட்ட பதிப்புகளில் 12 பாட்டு முடிந்ததும் போனஸ் பாட்டுகள் வால்பிடித்து வந்துகொண்டே இருக்கும். 12-வதோடு நிறுத்திவிடுங்கள். ஷஃபிள் வேண்டவே வேண்டாம்.

இந்த ஆல்பத்தின் கூட்டுப் பாட்டுச் செழிப்பை மேடையில் கொண்டுவருவது சுலபமில்லை. ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசிக்கவே 2008 வரை ஆனது. 40-ம் ஆண்டையொட்டி லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் நடந்த கச்சேரிகளில் நால்வர்தான் இருந்தார்கள். கிட்டாரிஸ்ட் பால் அட்கின்சன் 2004-லேயே இறந்துவிட்டார். ஸ்டுடியோவில் ஆர்ஜென்ட் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்த கீபோர்டுகளை வாசிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பீச் பாய்ஸ் புகழ் பிரையன் வில்சன் குழுவின் டேரியன் சஹானஜா வந்து உட்கார்ந்தார், அவரும் ரசிகர் கோஷ்டிதான். அந்தப் பதிவு கிடைக்கிறது. குரல்களுக்கு அறுபதைத் தாண்டிய வயது, ஸ்ருதி மட்டும் அப்படியே.

2019 மார்ச் 29-ம் தேதி ஜாம்பீஸ் குழுவினர், பெரிய ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவின் இன்னொரு விற்பனைப் பட்டியலான கேஷ்பாக்ஸில் 'டைம் ஆஃப் தி சீசன்' முதலிடம் பிடித்து அன்றோடு சரியாக 50 வருடம். அங்கேயும் அந்தப் பாட்டுதான் முன்னால் வந்து நின்றது பாருங்கள்.

நான் யாருக்காவது இதைக் கொடுத்தால் கடைசிப் பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதல் பாட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அண்ணன் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவள் 'சேஞ்சஸ்' பாட்டில் போய் விழுந்தாள். ஐந்து பேரும் சேர்ந்து பாடுவது, கீழே மெல்லட்ரான் புல்லாங்குழல். "சித்தப்பா, உங்க செல் 44 எல்லாம் இதுக்கு அப்புறம்தான்" என்கிறாள். இதில் எங்களுக்குள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.