கிளவுடுக்கு எந்த வழி: வி.பி.என்.னா, தனி லைனா?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை. உற்பத்தி மென்பொருளின் டேட்டாபேஸை அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடுக்கு மாற்றினோம், இயந்திரங்களோடு பேசும் சர்வர்கள் இங்கேயே இருக்கின்றன. நடுவில் பொது இணையத்தின் மேல் என்கிரிப்ட் செய்து ஓடும் ஐபிசெக் வி.பி.என். போடுவதா, இணையத்தைத் தொடாமல் நேராக ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்குப் போகும் டைரக்ட் கனெக்ட் எனும் தனி லைன் எடுப்பதா என்று யோசித்துத் தனி லைனை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வி.பி.என். மலிவு, சீக்கிரம் அமைத்துவிடலாம். தனி லைனுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் வாதத்துக்கே இடமில்லை.

லைனைப் பற்றிப் பேசுமுன் தூரத்தைப் பாருங்கள். ஃபைபரில் ஒளி 200 கிலோமீட்டர் போக ஒரு மில்லிசெகண்ட். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர் என்றால், போய்வரக் குறைந்தது 3.5 மில்லிசெகண்ட். சிங்கப்பூருக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எவ்வளவு பணம் கொட்டினாலும் இது குறையாது. 2024 ஆகஸ்டில் ஏ.டபிள்யூ.எஸ். மலேசியா ரீஜன், அதாவது இங்குள்ள அதன் டேட்டா சென்டர் தொகுதி, திறந்துவிட்டது; வேகம் வேண்டுமென்றால் முதலில் டேட்டாபேஸை அந்த ரீஜனுக்குக் கொண்டுவாருங்கள்.

சரி, எங்களைத் தனி லைன் பக்கம் தள்ளியது ஜிட்டர், அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கம். வி.பி.என்.னில் பிங், அதாவது போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை, ஓடவிட்டால் ஆறு, ஆறு, ஏழு மில்லிசெகண்ட் என்று ஒழுங்காக வரும். திடீரென்று முப்பது, நாற்பது, மறுபடி ஆறு. சராசரி எடுத்தால் அந்த நாற்பது கண்ணிலேயே படாது. ஆனால் உற்பத்தி லைனில் படும். ஆபரேட்டர் ஒரு சர்க்யூட் பலகையின் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். மென்பொருள் டேட்டாபேஸை ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது முறை கேட்கிறது என்று வையுங்கள். ஆறு மில்லிசெகண்ட் வீதம் கால் செகண்டில் முடிந்துவிடும். நாற்பதாக ஏறினால் 1.6 செகண்ட். பச்சை விளக்கு எரியும்வரை அவர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், பின்னால் அடுத்த பலகை வந்துவிடும்.

இணையத்தில் பாதை நம் கையில் இல்லை. இரு முனைகளும் மலேசியாவிலேயே இருந்தாலும், சேவை நிறுவனங்கள் ஒன்றோடொன்று எங்கே இணைகின்றன என்பதைப் பொறுத்து டேட்டா பாக்கெட் சிங்கப்பூர் போய்த் திரும்பலாம். பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை போட்டால் தெரிந்துவிடும். தனி லைனில் பாதை நிலையானது. பிங் எண்கள் காலையிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.

தனி லைன் தானாக என்கிரிப்ட் ஆகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேவையென்றால் அதன் மேலேயே ஐபிசெக் ஓட்ட வேண்டும். வி.பி.என்.னையும் தூக்கி எறியாதீர்கள், மாற்று வழியாக வைத்திருங்கள். தனி லைனில் பி.எஃப்.டி.யை, அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடைவிடாமல் சோதிக்கும் முறையை, இயக்குங்கள்: ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் பி.ஜி.பி. மட்டும் இருந்தால் லைன் செத்ததை உணர 90 செகண்ட் வரை ஆகலாம், பி.எஃப்.டி. இருந்தால் ஒரு செகண்டுக்குள் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் அஷூர் கிளவுடின் தனி லைனான எக்ஸ்பிரஸ்ரூட்டை நான் இயக்கியதில்லை. நான் சொன்னதெல்லாம் ஏ.டபிள்யூ.எஸ். அனுபவம். இரவில் பேக்கப் அனுப்புவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் வி.பி.என். தாராளமாகப் போதும். தனி லைன்தான் என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடுமுன் கேபிள் தீவிலிருந்து கடலை எந்த வழியாகத் தாண்டுகிறது என்று கேளுங்கள். மாற்று இணைப்பும் அதே வழியில் போனால் இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்துபோகலாம்.