தொந்தோனியாவும் 904-உம்: ஆரோ ஊரின் இரண்டு பழைய ஒயின்கள்

ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயின் என்றாலே ஆரோ ஊரைச் சொல்லாமல் முடியாது. அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே பழைய ஒயின் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் இரண்டு நிறுவனங்களின் பாட்டில்களை ஒன்றாகத் திறந்து, மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தோம். 1877-இல் தொடங்கிய லோபஸ் தெ எரெதியாவின் வின்யா தொந்தோனியா ரிசர்வா ஒன்று, 1890-இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்தாவின் கிரான் ரிசர்வா 904 இன்னொன்று. ரிசர்வா, கிரான் ரிசர்வா என்பவை ஒயின் எவ்வளவு காலம் முதிர்ந்தது என்று லேபிளில் சொல்லும் தரங்கள். இரண்டுமே 2010 அறுவடை, இரண்டிலும் பெரும்பங்கு டெம்ப்ரனில்லோ திராட்சை, ஊறியதும் இரண்டுமே அமெரிக்க ஓக் பீப்பாயில். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் கிளாஸில் ஊற்றினால் சொந்தமே இல்லாதவை மாதிரி இருக்கின்றன.

904 ஊற்றிய உடனே மனதைப் பிடித்துவிடுகிறது. வெனிலா, காய்ந்த செர்ரி, கொஞ்சம் புகையிலை வாசனை, லேசாகத் தேங்காய் கூட வருகிறது, அது அமெரிக்க ஓக் கொடுப்பது. நாலு வருடம் பீப்பாயில் இருக்கும் இந்த ஒயினை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையாலேயே வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள், அடி வண்டல் அப்படியே பின்தங்கிவிடும். அந்த உழைப்பு வாயில் தெரிகிறது: துவர்ப்பு எங்கேயும் உரசவில்லை, பட்டு மாதிரி இறங்குகிறது. டெம்ப்ரனில்லோவோடு சேர்த்திருக்கும் கொஞ்சம் கிராசியானோ திராட்சைதான் இதற்கு முதுகெலும்பு என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு மென்மை சலித்துப் போயிருக்கும்.

தொந்தோனியா அப்படி இல்லை. முதலில் மூடிக்கொண்டு இருந்தது, புளிப்புதான் முன்னால் நின்றது, கூட இருந்தவர்களில் பாதிப் பேர் உடனே 904 பக்கம் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கிளாஸிலேயே விட்டு அப்புறம் முகர்ந்தால், அடடா, ஆரஞ்சுத் தோல், ஈர மண், காய்ந்த ரோஜா, பழைய தோல் பை, ஒன்று போனால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தது. கிளாஸைச் சாய்த்துப் பார்த்தபோது நடுவில் மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். 904-இன் ஓரம் அந்த அளவுக்கு வெளுக்கவில்லை. இந்த ஒயின் பீப்பாயில் இருப்பது சுமார் ஆறு வருடம். பீப்பாய்களை அந்த நிறுவனமே செய்துகொள்கிறது, வருடக்கணக்கில் அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. மரத்தின் வாசனை ஒயினில் ஏறி உட்காராமல், காற்று மட்டும் மெதுவாக வேலை செய்வது அதனால்தான். டெம்ப்ரனில்லோவோடு கர்னாச்சா, கொஞ்சம் கிராசியானோ, மசுவேலோ. எல்லாம் எப்ரோ ஆற்று வளைவில் இருக்கும் அவர்களுடைய சொந்தத் தோட்டத்துப் பழம், ஒயினுக்கும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான்.

லேபிளை மட்டும் பார்த்து எடை போடாதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். ரியோஹா விதிப்படி சிவப்பு ரிசர்வா மொத்தம் மூன்று வருடம் முதிர வேண்டும், அதில் ஒரு வருடமாவது பீப்பாயில். கிரான் ரிசர்வாவுக்கு ஐந்து வருடம், பீப்பாயில் குறைந்தது இரண்டு. 'ரிசர்வா' என்று மட்டும் எழுதியிருக்கும் தொந்தோனியா, பீப்பாய்க் கணக்கில் கிரான் ரிசர்வாவுக்குக் கேட்பதைப் போல மூன்று மடங்கு இருந்துவிட்டு வருகிறது. 904-உம் விதி கேட்பதில் இரண்டு மடங்கு இருக்கிறது.

எது சிறந்தது என்று கேட்டால் எனக்குத் தொந்தோனியாதான், அதில் சந்தேகமே இல்லை. 904-இல் முதல் வாயில் கிடைத்ததுதான் கடைசி வாயிலும் கிடைத்தது, ரொம்ப நல்லதாகவே கிடைத்தது. தொந்தோனியாவின் கடைசிக் கிளாஸ் முதல் கிளாஸைவிடப் பல படி மேலே இருந்தது. ஆனால் பழைய ரியோஹாவை இப்போதுதான் தொடுகிறீர்கள் என்றால், அல்லது திறந்ததும் குடிக்க வேண்டிய விருந்து என்றால், 904 வாங்குங்கள். ரியோஹாக்காரர்கள் திராட்சைக் கொடிக் குச்சிகளை எரித்துச் சுடும் இளம் ஆட்டு விலாவுக்கு இரண்டுமே பொருந்தும், கொழுப்பை அறுக்கத் தொந்தோனியாவின் புளிப்பு இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இரண்டையும் சேர்த்துத் திறப்பதாக இருந்தால், முந்தின நாளே பாட்டில்களை நிறுத்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பழைய கார்க் பொடியக்கூடும், அவசரப்படாமல் இழுங்கள். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும். தொந்தோனியாவை முதலில் திறந்து ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, 904-இலிருந்து ஆரம்பியுங்கள்.