பித்தளையா, பிளாஸ்டிக்கா, எஃகா, செராமிக்கா: நாசில் மாற்றப் போய்த் தெரிந்துகொண்டது

வண்டியில் மருந்து தெளிக்கும் நீளமான குழாய்ச் சட்டமான பூமில் இருந்த 12 நாசில்களையும், அதாவது மருந்து பீய்ச்சும் முனைகளையும், ஒரே நாளில் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினேன். கழற்றியவை பித்தளை, மாட்டியவை செராமிக் வாய் வைத்தவை. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பழசு நல்லாத்தானே அடிச்சுக்கிட்டு இருந்தது?" பார்வைக்கு நன்றாகத்தான் அடித்தது. மருந்து விசிறி போல அழகாக விரிந்தது, சொட்டவில்லை, அடைக்கவில்லை. அளவு ஜாடியை அடியில் பிடித்த பிறகுதான் கதை வேறு என்று தெரிந்தது.

சந்தேகம் ஆரம்பித்தது டேங்கில். பூம் 6 மீட்டர் அகலம், நாசிலுக்கு நாசில் 50 செ.மீ. இடைவெளி. 3 பார் அழுத்தத்தில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விட வேண்டும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஹெக்டேருக்கு 160 லிட்டர் விழும். கணக்கு எளிது: ஒரு நாசில் நிமிடத்துக்கு விடும் லிட்டரை 600ஆல் பெருக்குங்கள், அதை, வேகத்தையும் மீட்டரில் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். 0.8 × 600 = 480. 6 × 0.5 = 3. வகுத்தால் 160. அந்தக் கணக்குப்படி 400 லிட்டர் டேங்க் இரண்டரை ஹெக்டேருக்கு வர வேண்டும். இரண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே காற்று வாங்க ஆரம்பித்தது.

முதலில் வண்டி வேகத்தைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அழுத்தத்தைக் காட்டும் கேஜை. அப்புறம் எங்கேயோ ஒழுகுகிறது என்று குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். கடைசியில்தான் டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் ஒரு நிமிடம் ஜாடி பிடித்தேன். அதே ரகத்தில் புதுசு ஒன்றையும் மாட்டிப் பிடித்தேன். புதுசு 0.8 விட்டது. பழசில் குறைந்தது 0.86, அதிகபட்சம் 1.02. சராசரி 0.92. அதாவது ஒவ்வொரு முறை மருந்து அடிக்கும்போதும் 15 சதவீதம் கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன். அதுவும் ஒரே சீராக இல்லை, பூமின் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு.

சரி, எதை மாற்றலாம் என்று பார்க்க உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று வடிவம், இன்னொன்று எந்தப் பொருளில் செய்தது. வடிவத்தைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக. பூமில் வைத்துத் தரையோ பயிரோ முழுவதும் சீராக நனைய வேண்டுமென்றால் விசிறி போல விரியும் ஃபிளாட் ஃபேன். அடர்ந்த இலைக்குள் பூச்சி மருந்தோ பூஞ்சை மருந்தோ புக வேண்டுமென்றால் நடுவில் வெற்றிடம் விட்டுச் சுழன்று வரும் கூம்பு நாசில். துளி பொடியாக இருக்கும், காற்றில் பறக்கவும் செய்யும். குறைந்த அழுத்தத்தில் பெரிய துளியாகக் களைக்கொல்லி விட ஃப்ளட் ஜெட். காற்றை உள்ளே இழுத்துக் கலந்து பெரிய துளியாக விடும் ஏர் இண்டக்‌ஷன் பற்றிப் பின்னால் வருகிறேன். 110 பாகை விசிறியை 50 செ.மீ. உயரத்திலும், 80 பாகை விசிறியை 75 செ.மீ. அளவிலும் வைத்தால் பக்கத்து நாசிலோடு சரியாகக் கலக்கும். இது பெட்டியிலேயே போட்டிருக்கும்.

அளவுக்கு நிறம் இருக்கிறது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர வரிசைப்படி 3 பாரில் நிமிடத்துக்குப் பச்சை 0.6 லிட்டர், மஞ்சள் 0.8, நீலம் 1.2, சிவப்பு 1.6. நான் மாட்டியது மஞ்சள். ஆனால் சில கூம்பு நாசில்களுக்கு இந்த வரிசையோடு ஒட்டாத தனி நிறங்கள் உண்டு. அங்கே நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள், அட்டவணையைப் பாருங்கள்.

இனி நான் நிறைய நேரம் செலவழித்த விஷயம்: தேய்மானம்.

நாசில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. ஓட்டம் துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது. 1 மி.மீ. துவாரம் 1.05 மி.மீ. ஆனாலே பரப்பு 10 சதவீதம் கூடிவிடும், ஓட்டமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கை எந்தக் கண் பார்க்கும்? புதுசைவிட 10 சதவீதம் கூடிவிட்டால் நாசிலை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது மாற்ற வேண்டிய நேரம் வரும்போது அது பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும்.

தேய்ப்பது தண்ணீர் இல்லை, தண்ணீரில் வருவது. நனையும் தூள் வகை மருந்துகள், கந்தகம், தாமிரப் பூஞ்சைக்கொல்லிகள், கிணற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ வரும் நுண்மணல், இவை எல்லாம் துவாரத்தின் விளிம்பில் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே போகும். அழுத்தம் கூடினால் தேய்மானமும் கூடும். தெளிவாகக் கரையும் களைக்கொல்லி மட்டும் அடிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. விசிறி நாசிலில் இன்னொரு கூத்தும் நடக்கும்: தேயத் தேய விசிறியின் நடுப்பகுதியில் மருந்து அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழும். வயலில் வரிவரியாகக் களை தப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து வீரியம் இல்லை என்று நாம் திட்டிய பல தடவை, குற்றவாளி பூமில் தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

அழுத்தத்தைக் குறைத்தால் சரியாகிவிடாதா என்று நானும் யோசித்தேன். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் மாறும். இரட்டிப்பு ஓட்டம் வேண்டுமென்றால் நாலு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். கூடிவிட்ட 15 சதவீதத்தைக் குறைக்க 3 பாரிலிருந்து 2.3 பாருக்கு அருகில் இறங்க வேண்டியிருந்தது. மொத்த லிட்டர் சரியாகிவிட்டது. ஆனால் விசிறி சுருங்கியது, துளி பெரிதானது, நாசிலுக்கு நாசில் இருந்த வித்தியாசம் அப்படியே நின்றது. தானாக அளவைச் சரிசெய்யும் கன்ட்ரோலர் வைத்த பூம்களில் இது இன்னும் மோசம். கன்ட்ரோலர் சத்தமில்லாமல் அழுத்தத்தைக் குறைத்து ஹெக்டேர் கணக்கைச் சரியாகக் காட்டும், நாம் திரையைப் பார்த்துத் திருப்தியாக ஓட்டிக்கொண்டிருப்போம். வழக்கமான வேகத்தில் வழக்கத்தைவிடக் குறைந்த அழுத்தம் காட்டினால் அது தேய்மானத்தின் அறிகுறி.

தேய்மானம் என்ற இந்த ஒரு அளவுகோலை வைத்து நாலு பொருள்களையும் பார்த்தால் படம் மாறிவிடும்.

பித்தளை பார்க்கக் கனமாக, நம்பகமாக இருக்கும். கையில் எடுத்தால் "இது காலத்துக்கும் வரும்" என்று தோன்றும். உண்மையில் நாலில் மிக வேகமாகத் தேய்வது இதுதான். மென்மையான உலோகம். தூள் மருந்து அடிப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது என்பது என் முடிவு. நாள் முழுக்க அடிப்பவர் ஒரே பருவத்தில் வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம்.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்போம், நானும் சுளித்தேன். ஆனால் நல்ல ரகப் பாலிமரில் செய்த நாசில், உராய்வைப் பொறுத்தவரை பித்தளைக்குச் சளைத்தது இல்லை, பல சமயம் அதைவிட நன்றாகவே தாங்கும். துருவும் ஏறாது. அதன் எதிரி நாம்தான். அடைத்துக்கொண்டால் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்துவோம், மெல்லிய விளிம்பு அங்கேயே போய்விடும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது: பழைய தொகுப்பில் 1.02 விட்டதே ஒன்று, அது நான் ஒரு நாள் அவசரத்தில் ஊசியால் குத்தித் திறந்த நாசில். பித்தளைக்கே அந்தக் கதி என்றால் பிளாஸ்டிக்கை யோசித்துப் பாருங்கள். அடைத்தால் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ் போல மென்மையான ஒன்றால் தேய்த்தால் போதும். வாயில் வைத்து ஊதவே கூடாது.

துருப்பிடிக்காத எஃகு பித்தளையைவிடப் பல மடங்கு தாங்கும். கையாளும்போது உடையும் பயமும் இல்லை. குறை சொல்ல அதிகம் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் உடம்பில் எஃகு வாய் பதித்த ரகமும் உண்டு. நான் இதை ஒரே ஒரு பருவம்தான், அதுவும் களைக்கொல்லிக்கு மட்டும் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பருவத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் ஜாடியில் தெரியவில்லை. எளிதான வேலையில் கிடைத்த நல்ல பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செராமிக்தான் நான் தேர்ந்தெடுத்தது. உராய்வைத் தாங்குவதில் எஃகைவிடவும் பல படி மேலே. பழத்தோட்டங்களில் அதிக அழுத்தத்தில் அடிக்கும் இயந்திரங்களில் செராமிக் கூம்பு நாசில்கள் பரவலாக இருப்பதற்குக் காரணமே இதுதான். 10 பாருக்கு மேல் தூள் மருந்து போகும் இடத்தில் பித்தளை என்ன பாடுபடும்? எனக்குத் தாமிர மருந்தும் கந்தகமும் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் முடிவெடுக்க நேரம் ஆகவில்லை. மாட்டிய நாளிலிருந்து இதுவரை இரண்டு பருவம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஜாடி பிடிக்கிறேன், 12 நாசில்களும் 0.8 லிட்டரிலிருந்து 2 சதவீதத்துக்குள் நிற்கின்றன. என் ஜாடியின் கோடே அவ்வளவு துல்லியம் இல்லை என்பதால் அதைத் தேய்மானம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. செராமிக் கடினமானது, அதனாலேயே நொறுங்கும். சிமெண்ட் தரையில் கீழே போட்டதில் ஒன்றின் விளிம்பு சில்லுப் போனது, மாட்டினால் விசிறியில் ஒரு கீற்று வேறாகத் தெரிந்தது. நிறப் பிளாஸ்டிக் உடம்பு ஒன்றும் ஆகாமல் புத்தம்புதுசாக இருக்க, உள்ளே உயிர் போயிருந்தது. கழற்றும்போது தரையில் ஒரு சாக்கு விரித்துக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. விலையும் மற்றவற்றைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு பருவம் முழுக்க 15 சதவீதம் மருந்து கூடுதலாகப் போனதன் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, நாசில் விலை அதில் சின்னத் தொகைதான்.

ஏர் இண்டக்‌ஷனில் செராமிக் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு துவாரம். உள்ளே இருக்கும் சின்னத் துவாரம்தான் ஓட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது, வெளியே இருக்கும் பெரிய வாய் விசிறியை விரிக்கிறது. அதனால் "செராமிக்" என்று எழுதியிருந்தால் எந்தத் துவாரம் செராமிக் என்று கேளுங்கள். உள்துவாரம் செராமிக்காக இருந்தால் அளவு நிலைக்கும். வெளிவாய் பிளாஸ்டிக்காக இருந்தால் விசிறியின் சீர் முதலில் கெடலாம். பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளையில் அழுக்கு அடைத்தால் காற்று இழுக்காது, சாதாரண நாசில் மாதிரி ஆகிவிடும். இவற்றுக்கு அழுத்தமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பல ரகங்களில் 2 பாருக்குக் கீழே எடுத்த காரியம் நடக்காது. காற்றில் மருந்து பறப்பதுதான் உங்கள் முதல் கவலை என்றால், பக்கத்து வயலில் களைக்கொல்லி தாங்காத பயிர் இருந்தால், நான் சொன்ன தேய்மானக் கணக்கையெல்லாம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய, நிமிர்ந்த இலைகளில், பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் தொடு மருந்து அடிக்கப் பெரிய துளி எவ்வளவு பொருந்தும் என்பதில் என் கை அனுபவம் குறைவு. இரண்டு முறை முயன்றேன். ஒரு முறை நன்றாக வந்தது, ஒரு முறை அரைகுறை.

முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் மட்டும் வைத்திருப்பவர் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கைப்பிடியை அடிக்க அடிக்க அழுத்தம் ஏறி இறங்கும் கருவியில் செராமிக்கின் துல்லியம் வீண். முதலில், கையில் பிடித்து அடிக்கும் குழாயான லான்ஸில் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் வால்வு ஒன்றை மாட்டுங்கள். 1 பார், 1.5 பார் என்று வரும். அதற்கு ஏற்ற பிளாஸ்டிக் விசிறி நாசில் போதும். வருடம் ஒன்று மாற்றினால்கூடப் பெரிய செலவில்லை.

பூம் வைத்திருப்பவருக்குக் கடைசியாக ஒன்று. 12 தேவை என்றால் 14 வாங்குங்கள். ஒன்று கீழே விழுந்து சில்லுப் போவதற்கு. இன்னொன்றை மாட்டவே மாட்டாதீர்கள், பெட்டியில் புதுசாகவே இருக்கட்டும். அடுத்த பருவம் ஜாடி பிடிக்கும்போது அதே பம்பில், அதே கேஜில், அதே அழுத்தத்தில் அதையும் ஒரு நிமிடம் ஓட்டி அளந்தால், கேஜ் பொய் சொன்னாலும் ஒப்பீடு பொய் சொல்லாது. இரண்டு நாசில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த இரண்டை மட்டும் மாற்றாமல் மொத்தத் தொகுப்பையும் மாற்றிவிடுவது நல்லது, மற்றவையும் அதே மருந்தில்தான் ஓடியிருக்கின்றன. என்னுடைய அந்தப் பதினான்காவது நாசில் சின்ன டப்பாவில் இருக்கிறது. யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று மூடியில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.