தமேல் வாடகைக் கடையில் 32,000 ரூபாய் போனது, பேஸ் கேம்ப்பும் போனது

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குக் கிளம்பும் முன் காட்மாண்டுவில் குளிருக்கான பொருட்களை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். தமேல் பகுதியில் மலையேற்றப் பொருட்களை வாடகைக்கு விடும் ஒரு கடையில் நானும் என் தம்பியும் 32,000 நேபாள ரூபாயைக் கொடுத்து ஏமாந்துவிட்டு, இன்று மாலைதான் அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். நடந்ததையும், வாடகைக்கு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் போனது நவம்பர் கடைசி வாரம். அந்தச் சமயத்தில் பேஸ் கேம்ப் வழியில் உள்ள நாம்சே பஜார் என்ற ஊரைத் தாண்டிவிட்டால் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும் என்பதும், லாட்ஜுகளில் சாப்பாட்டு அறையில் மட்டும்தான் அடுப்பு எரியும், படுக்கும் அறைக்கு வெறும் ப்ளைவுட் தடுப்புதான் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் எதில் சிக்கனம் பிடித்தாலும் ஸ்லீப்பிங் பேக்கில் பிடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தே அந்தக் கடைக்குள் நுழைந்தோம். பக்கத்துக் கடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய் கேட்டார்கள். நாங்கள் நுழைந்த கடையில் இருந்தவர் 250 கேட்டார். அதிகமாகக் கேட்கிறார் என்றால் பொருள் நன்றாகத்தான் இருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அதை இப்போது எழுதும்போது வயிறு எரிகிறது.

அவர் பையை உறையிலிருந்து உருவி, இரண்டு முறை உதறி, மேஜைமீது விரித்தார். அது மெல்ல உப்பி எழுந்தது. என் கையைப் பிடித்து முழங்கை வரை உள்ளே நுழைத்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். கை சூடானது. "அசல் டவுன், மைனஸ் 20 வரை தாங்கும், உங்கள் தம்பி எனக்கும் தம்பிதான்" என்று சொல்லி (டவுன் என்பது வாத்தின் மெல்லிய இறகு), ஓரத்தில் தைத்திருந்த லேபிளில் அந்த எண்ணையும் காட்டினார். இரண்டு பைகளுக்கு 16 நாள் வாடகை 8,000, திருப்பித் தரும் டெபாசிட் 24,000, ஆக 32,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். ரசீதுக்குப் பதிலாகத் தன் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வழியில் உள்ள டிங்போச்சே என்ற ஊரில், 4,410 மீட்டரில், முதல் இரவே தம்பிக்குத் தூக்கம் இல்லை. புதிய உயரம் என்று சமாதானம் சொன்னேன். அதற்கும் மேலே உள்ள லோபுச்சேயில், 4,940 மீட்டரில், சமாதானம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. லாட்ஜில் ஆளுக்கு ஒரு ரஜாய், அதாவது பஞ்சடைத்த தடித்த போர்வை, கொடுத்தார்கள். அதையும் மேலே போட்டு, இருந்த உடைகளையெல்லாம் மாட்டிக்கொண்டும் பற்கள் கிட்டித்துக்கொண்டே இருந்தன. தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டில் உறைந்திருந்தது. வெளியே தொங்கிய வெப்பமானி மைனஸ் 14 காட்டியது, அதாவது கடைக்காரர் சொன்ன கணக்குக்கு இன்னும் ஆறு டிகிரி மிச்சம் இருந்தது.

அப்போதுதான் சந்தேகம் வந்து ஹெட்லாம்ப்பைப் பைக்குள் வைத்து எரித்துப் பார்த்தேன். குறுக்குத் தையல் ஓடிய ஒவ்வொரு இடத்திலும் வரிசை வரிசையாக வெளிச்சம் ஊசிமுனை போலக் கசிந்தது. நல்ல டவுன் பையில் உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே சிறு தடுப்புகள் வைத்துத் தைத்திருப்பார்கள். இதில் இரண்டு துணிகளையும் சேர்த்து நேராகத் தைத்திருந்ததால், தையல் உள்ள இடமெல்லாம் குளிர் நுழைவதற்கான வழியாக இருந்தது. கால்மாட்டில் ஒரு தையல் விட்டிருந்தது. விரலை விட்டு இழுத்தால் இறகு வரவில்லை. தலையணையில் அடைக்கும் செயற்கைப் பஞ்சு தகடாக வந்தது.

காலையில் தம்பியின் கால்விரல் நுனிகள் வெளுத்து மரத்திருந்தன. வழிகாட்டி அவற்றைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினார். தலைவலியும் இருந்தது. அது உயரத்தால் வந்ததா, இரண்டு இரவு தூங்காததால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த உயரத்தில் தலைவலியோடு மேலே ஏறக் கூடாது என்பது மட்டும் உறுதி. 5,364 மீட்டரில் உள்ள பேஸ் கேம்ப்புக்கு இரண்டு ஆண்டுகளாக விடுப்பைச் சேர்த்து வைத்து வந்தவன், ஒரு நாள் நடைத் தூரத்தில் திரும்பி இறங்கினான்.

டிங்போச்சேயிலிருந்தே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். "நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்" என்று பதில் வந்தது. பிரிந்த தையலின் படத்தை அனுப்பியதற்குப் பதிலே இல்லை. காட்மாண்டு திரும்பிய அன்று, முதலாளி பொக்காராவில் இருக்கிறார், நாளை வாருங்கள் என்றான் ஒரு பையன். முதலாளி வேறு ஒருவர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் கடை பூட்டியிருந்தது. இன்று, எங்களிடம் பணம் வாங்கிய அதே ஆள் இருந்தார். தையலை நாங்கள் கிழித்துவிட்டோம், அதனால் டெபாசிட் 24,000 ரூபாய் கிடையாது என்றார். மைனஸ் 20 என்றீர்களே என்று கேட்டதற்கு, "உயிரோடுதானே வந்திருக்கிறீர்கள்?" என்றார்.

அவர் அந்த எண்ணின் பொருளைத் தெரிந்தே பேசினார். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23537-இன்படி ஒரு பைக்கு வசதி (நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு), வரம்பு, அதீதம் என்று தனித்தனி வெப்பநிலைகள் உண்டு. அதீதம் என்பது தூங்குவதற்கான அளவே அல்ல. ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருக்கலாம், உறைபனிக் காயம் ஏற்படலாம் என்னும் எல்லை அது. அந்த எண்ணை மட்டும் காட்டித்தான் 32,000 ரூபாயை வாங்கினார்.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. லேபிளில் வசதி வெப்பநிலை எது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். கடையிலேயே பைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துத் தையலைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கிழிசல்களை அவர் எதிரிலேயே படம் எடுங்கள். எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்காமல் டெபாசிட் கொடுக்காதீர்கள்.

நாளை மதியம் எங்களுக்கு விமானம். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு அந்த 24,000 ரூபாயைக் கேட்டு இன்னொரு முறை போகிறேன்.